கீமோன்னா கேன்சர்தானா?

(கூட்டமைப்பின் ஆண்டு விழாவில், மயிலாப்பூர் பகுதிக் குழு உறுப்பினரும் ஓய்வுபெற்ற அரசு மருத்துவமனைச் செவிலியருமான சகோதரி பேசியதன் எழுத்து வடிவம்)



எனக்குத் தலைவி கொடுத்த தலைப்பு 'பெண்களும் ரத்த சோகையும்'. இந்தத் தலைப்பில் யார் வந்தாலும் என்ன பேசுவாங்கன்னு உங்களுக்கே மனப்பாடம். முருங்கைக்கீரை, பேரீச்சம்பழம், இரும்புச்சத்து மாத்திரை, மாத்திரை போட்டதும் டீ குடிக்காதீங்க. அது அத்தனையும் சரிதான். ஆனால் இன்னிக்கு நான் வேற ஒரு ரத்த சோகையைப் பத்திப் பேசப்போறேன். முருங்கைக்கீரைக்கு மசியாத ரத்த சோகை. நம்ம கூட்டமைப்பிலேயே ரெண்டு குடும்பம் அதைப் பார்த்துவிட்டது. அதில் ஒரு குடும்பத்துக்கு நான் தப்பான யோசனை சொன்னேன். அதையும் மறைக்காமல் சொல்கிறேன்.

எங்கள் குழுவில் பூ கட்டி விற்கும் ஒரு அக்கா இருக்காங்க. மாட வீதியில்தான் வியாபாரம். அவங்க சம்மதத்தோடுதான் இதைப் பேசுறேன், பேர் மட்டும் வேண்டாம்னு சொன்னாங்க. அவங்களோட ரெண்டாவது பொண்ணு, அப்போ 19 வயசு, தி.நகரில் ஒரு ஜவுளிக்கடையில் வேலை. மூணு வருஷத்துக்கு முன்னாடி தீபாவளி நேரம். காலையில் ஒன்பதரைக்கு நின்றால் ராத்திரி பத்து மணி வரைக்கும் நிற்கணும். பொண்ணு சோர்ந்து சோர்ந்து உட்கார்ந்தாள். வெளுத்துப் போனாள். மாதவிடாய் பதினைந்து நாள் ஆகியும் நிற்கவில்லை. தொடையிலும் கையிலும் நீலம் நீலமாகக் கன்றிப் போயிருந்தது. "துணிக் கட்டு தூக்கும்போது ஸ்டூல்ல இடிச்சிருப்பேன் ஆன்ட்டி"ன்னு அவளே சொன்னாள்.

அவங்க அம்மா என்னைத்தான் கேட்டாங்க. "நீங்க நர்ஸம்மா, பார்த்துச் சொல்லுங்க." முப்பத்தோரு வருஷம் வார்டில் வேலை பார்த்த நான், கண் இமையை இழுத்துப் பார்த்துவிட்டு, "ரத்தமே இல்லை, இரும்பு மாத்திரை வாங்கிக் கொடுங்க, தினம் கீரை போடுங்க" என்று சொல்லி அனுப்பிவிட்டேன். இடிக்காமலே உடம்பு நீலம் பாய்வதும், பல் தேய்க்கும்போது ஈறில் ரத்தம் வருவதும், மாதவிடாய் நிற்காமல் போவதும் ஒரே நேரத்தில் வந்தால் உடனே ரத்தப் பரிசோதனை செய்யணும் என்று எனக்குத் தெரியும். தெரிந்தும் அன்று தோன்றவில்லை. நம்ம வீட்டுப் பொண்ணு, வயசுப் பொண்ணு, ரத்தம் குறைச்சலாத்தான் இருக்கும்னு மனசு முடிவு பண்ணிடுச்சு. ஐந்து வாரம் வீணாப் போச்சு. காய்ச்சல் வந்து, மூக்கில் ரத்தம் ஒழுகி நிற்காமல் போன பிறகுதான் மாநகராட்சி சுகாதார நிலையத்தில் ரத்தம் எடுத்தாங்க.

ஹீமோகுளோபின் 5.8. வெள்ளை அணு 1,400. தட்டணு, அதாவது பிளேட்லெட், ஒன்றரை லட்சத்துக்குக் குறையக் கூடாது, அவளுக்கு 9,000. அன்றைக்கே பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பினாங்க. அங்கே இடுப்பு எலும்பில் ஊசி போட்டு மஜ்ஜை எடுத்துப் பார்த்து, 'ஏப்ளாஸ்டிக் அனீமியா' என்று சொன்னார்கள்.

அம்மாவுக்கு 'அனீமியா' மட்டும்தான் காதில் விழுந்தது. "ரத்த சோகைதானே, நான் என்னமோன்னு பயந்துட்டேன்" என்று எனக்கு போன் பண்ணினாங்க. அடுத்த வாரம் அதே டாக்டர் 'கீமோ' என்ற வார்த்தையைச் சொன்னார். அப்போ அழுதுகிட்டே போன் வந்தது. "கீமோன்னா கேன்சர்தானே? என்கிட்ட மறைக்கிறாங்களா?"

நம்ம ஊரில் இந்தப் பயம் சும்மா வரவில்லை. 'அடையாறுக்குக் கூட்டிட்டுப் போயிருக்காங்க' என்று யாராவது குரலைத் தாழ்த்திச் சொன்னால், என்ன நோய் என்று யாரும் கேட்பதில்லை. அந்த அடையாறு ஆஸ்பத்திரியையே ஆரம்பித்தது பெண்கள் சங்கம்தான் என்பது நம்மில் எத்தனை பேருக்குத் தெரியும்? டாக்டர் முத்துலட்சுமி ரெட்டியின் தங்கை 1923இல் புற்றுநோயில் இறந்தார். அந்த வேதனையில் பிறந்ததுதான் அது. இந்திய மாதர் சங்கத்தின் பெயரில் நிதி திரட்டி, 1954இல் 12 படுக்கையோடு தொடங்கினார்கள். டாக்டர் சாந்தா அம்மா அதன் ஆரம்ப நாட்களில் சேர்ந்து, 2021 ஜனவரியில் கண் மூடும் வரை அங்கேயே இருந்தார்கள். நம்மளை மாதிரி ஒரு சங்கம் கட்டிய ஆஸ்பத்திரி நமக்குப் பயத்தின் பேராகிவிட்டது. சரி, விஷயத்துக்கு வருகிறேன்.

அந்த மாதக் குழுக் கூட்டத்தில் அக்கா இருபதாயிரம் ரூபாய் உள்கடன் கேட்டாங்க. ஒரு சகோதரி, நல்லவங்கதான், அவங்களைக் குறை சொல்லவில்லை, எழுந்து கேட்டாங்க: "கீமோ கொடுக்கிற நோய்க்குக் கடன் கொடுத்தா அது திரும்ப வருமா?" யாருமே பேசவில்லை. எல்லார் மனசிலும் இருந்த கேள்வி அது. இன்னொருத்தர் மெதுவா, "பொண்ணுக்கு நாளைக்குக் கல்யாணம் காட்சி ஆகணுமே, இதெல்லாம் தீர்மானப் புத்தகத்தில் எழுதணுமா?" என்றார். அன்றைக்கு நான் சொன்ன விளக்கத்தைத்தான் இன்று இங்கே கொஞ்சம் விரிவாகச் சொல்லப்போகிறேன்.

நம்ம கூட்டமைப்பில் அம்மா உணவகத்தில் வேலை செய்கிறவங்க நிறைய பேர் இருக்கீங்க. அதனால் சமையல்கட்டை வைத்தே சொல்கிறேன். எலும்புக்குள் இருக்கிற மஜ்ஜைதான் ரத்தம் சமைக்கிற சமையல்கட்டு. அங்கே மூணு பண்டம் தயாராகிறது. மூச்சுக் காற்றைச் சுமக்கிற சிவப்பணு, கிருமியோடு சண்டை போடுகிற வெள்ளையணு, ரத்தத்தை உறைய வைக்கிற தட்டணு. நமக்கெல்லாம் வருகிற சாதாரண ரத்த சோகையில் அரிசி வரவில்லை, அவ்வளவுதான். இரும்புச்சத்து என்கிற அரிசியை இறக்கிவிட்டால் இட்லி வந்துவிடும். ரத்தப் புற்றுநோயில் யாரோ ஒரு முரட்டுக் கும்பல் சமையல்கட்டுக்குள் புகுந்து, கண்டதையும் கிண்டி இடத்தை அடைத்துக்கொள்கிறது. ஏப்ளாஸ்டிக் அனீமியா இது ரெண்டும் இல்லை. அரிசி மூட்டை மூட்டையாக இருக்கிறது, முரட்டுக் கும்பலும் இல்லை, ஆனால் அடுப்படியில் ஆளே இல்லை. காலியாகக் கிடக்கிறது. அதனால்தான் மூணு பண்டமும் ஒரே நேரத்தில் குறைகிறது.

சமையல் ஆட்கள் எங்கே போனார்கள்? பெரும்பாலும், வாசலில் காவலுக்கு வைத்த ஆளே உள்ளே புகுந்து அடித்து விரட்டிவிட்டான். கிருமியை எதிர்க்க வேண்டிய நம்ம உடம்பின் எதிர்ப்புச் சக்தியே மஜ்ஜையைத் தாக்குகிறது. ஏன் என்று பலருக்குக் கண்டுபிடிக்க முடிவதில்லை. சிலருக்கு மருந்தினால் வரலாம். டைபாய்டுக்கு ஒரு காலத்தில் தாராளமாகக் கொடுத்த குளோராம்பெனிக்கால் மாத்திரை ரொம்ப அபூர்வமாக இப்படிச் செய்தது, அதனால்தான் டாக்டர்கள் இப்போது அதைக் குறைத்துவிட்டார்கள். பென்சீன் என்கிற ரசாயனத்தின் ஆவியும் கதிர்வீச்சும் செய்யும். ரேடியத்தைக் கண்டுபிடித்த மேரி கியூரி அம்மையார் 1934இல் இறந்தது இந்த நோயில்தான். முதன்முதலில் இதை 1888இல் ஜெர்மனியில் பால் எர்லிக் என்ற டாக்டர் எழுதி வைத்ததும் ஒரு இளம் கர்ப்பிணிப் பெண்ணைப் பார்த்துத்தான். நம்ம பொண்ணுக்கு எதனால் வந்தது என்று கடைசி வரை தெரியவில்லை. "கண்ணு பட்டுடுச்சு, கடையில ஏதோ சாப்பிட்டுட்டா" என்று ஆளாளுக்குச் சொன்னாங்க. ஒட்டுவாரொட்டி நோய் இல்லை என்பதை மட்டும் குறித்துக்கொள்ளுங்கள். அவள் தட்டை யாரும் தனியாக வைக்க வேண்டியதில்லை.

இப்போது வைத்தியம். ரெண்டு பெரிய வழி இருக்கிறது.

ஒன்று, காவல்காரனை அடக்குவது. அவன் அடங்கினால், பயந்து ஒளிந்திருக்கிற கொஞ்ச நஞ்ச சமையல் ஆட்கள் திரும்பி வந்து அடுப்பு பற்ற வைப்பார்கள். இதற்கு ஏ.டி.ஜி. என்று ஒரு மருந்து இருக்கிறது. குதிரையின் ரத்தத்திலிருந்து எடுப்பது. குதிரையா என்று முகம் சுளிக்காதீங்க. கிழக்குக் கடற்கரைச் சாலையில் வடநெம்மேலி பக்கம் இருளர் கூட்டுறவுச் சங்கத்தில் பாம்பின் விஷம் எடுக்கிறார்களே, அந்த விஷத்தைக் குதிரைக்குச் சிறிது சிறிதாக ஏற்றித்தான் பாம்புக்கடி மருந்தே தயாராகிறது. அதே மாதிரி முறைதான் இதுவும். ஆஸ்பத்திரியில் படுக்க வைத்து நாலு நாள் சொட்டுச் சொட்டாக ஏற்றுவார்கள். குளிர் காய்ச்சல், அலர்ஜி வரலாம். கூடவே சைக்ளோஸ்போரின் மாத்திரை, மாசக்கணக்கில் போடணும். எல்ட்ராம்போபாக் என்று இன்னொரு மாத்திரையும் இப்போது சேர்க்கிறார்கள். வெளிநாட்டு மருந்தாக வந்தது, இப்போது இந்தியக் கம்பெனிகளும் செய்கின்றன. அதைப் பால், தயிரோடு போட்டால் உடம்பில் சேராது. குதிரை ஏ.டி.ஜி.யும் சைக்ளோஸ்போரினும் சேர்த்துக் கொடுத்தால் பத்துப் பேரில் ஆறேழு பேருக்கு ரத்தம் ஏறுகிறது என்று 2011இல் வெளிவந்த அமெரிக்க ஆராய்ச்சியில் தெரிந்தது. ஆனால் உடனே ஏறாது, மூணு மாசம், ஆறு மாசம் ஆகும். ஏறியது சிலருக்குத் திரும்ப இறங்குவதும் உண்டு.

ரெண்டாவது வழி, புது சமையல் ஆட்களையே கொண்டுவருவது. அதுதான் எலும்பு மஜ்ஜை மாற்று. நோயாளி இளம் வயதாக இருந்து, கூடப் பிறந்தவர்களில் ஒருத்தருக்குத் திசுப் பொருத்தம் முழுசாகச் சரியாக வந்தால், டாக்டர்கள் முதலில் இதைத்தான் சொல்வார்கள். அப்படிப்பட்டவர்களில் பத்துக்கு எட்டுப் பேருக்கு மேல் நல்லபடியாக வருகிறார்கள். இந்தியாவில் முதல் மஜ்ஜை மாற்று 1983இல் மும்பை டாட்டா மருத்துவமனையில் நடந்தது. நம்ம பக்கத்து வேலூர் சி.எம்.சி.யில் 1986இல் தொடங்கினார்கள். இப்போது சென்னையிலேயே பல இடங்களில் செய்கிறார்கள்.

கீமோ எங்கே வருகிறது? இங்கேதான். அக்கா வீட்டிலிருந்து புது சமையல் ஆட்களை அனுப்புகிறோம் என்று வையுங்கள். வாசலில் அதே காவல்காரன் நிற்கிறானே. பழைய ஆளை அடித்தவன் புது ஆளை விடுவானா? அதனால் ஆள் வருவதற்கு முன்னால் அவனைக் கிளப்பணும். அதற்குத்தான் சைக்ளோபாஸ்பமைடு என்கிற கீமோ மருந்து, தேவைப்பட்டால் கூட இன்னொன்று, சில நாள் மட்டும். மருந்து கேன்சருக்குக் கொடுக்கிற அதே மருந்துதான். முடியும் கொட்டும், வாந்தியும் வரும். ஆனால் அங்கே கொல்கிறது கேன்சர் அணுவை. இங்கே கொல்கிறது தாக்குகிற எதிர்ப்பு அணுவை. ஒரே அரிவாள்மணையில் மீனும் நறுக்குகிறோம், வாழைத்தண்டும் நறுக்குகிறோம். அரிவாள்மணையைப் பார்த்து இன்னிக்கு மீன் குழம்பு என்று முடிவு பண்ண முடியுமா?

மஜ்ஜை மாற்றே இல்லாமல் கீமோவை மட்டும் கொடுத்துப் பார்க்கலாமே என்றும் ஆராய்ந்தார்கள். அமெரிக்காவில் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனையில் அதிக அளவு சைக்ளோபாஸ்பமைடு கொடுத்ததில், பத்துப் பேரில் ஏழு பேர் முழுசாகத் தேறினார்கள் என்று 1996இல் எழுதினார்கள். பிறகு அங்கேயே அரசு ஆராய்ச்சி நிலையத்தில் அதையும் ஏ.டி.ஜி.யையும் ஒப்பிட்டுப் பார்த்தபோது, கீமோ கொடுத்தவர்களுக்குப் பூஞ்சைக் கிருமி தாக்கிச் சிலர் இறந்ததால் பாதியிலேயே நிறுத்தினார்கள். அது வெளிவந்தது 2000இல். ஏற்கெனவே வெள்ளையணு இல்லாத உடம்பில் இன்னும் பல வாரம் வெள்ளையணுவே இல்லாமல் போய்விடும், அதுதான் காரணம். அதனால் இன்று பொதுவாக முதல் வைத்தியமாக அதைச் செய்வதில்லை. யாராவது 'கீமோ மட்டும் போதும்' என்று சொன்னால், ஏன், ஏ.டி.ஜி. ஏன் வேண்டாம், பொருத்தம் பார்த்தாச்சா என்று கேட்கிற உரிமை உங்களுக்கு உண்டு. கேள்வி கேட்டால் டாக்டர் கோபிப்பார் என்று பயப்படாதீங்க. நான் பார்த்த நல்ல டாக்டர்கள் கேள்வி கேட்கிறவங்களுக்கு நாற்காலி போட்டுப் பேசுவாங்க.

அன்றைக்குக் கூட்டத்தில் இவ்வளவையும் சொல்லி முடித்ததும், முதலில் கேள்வி கேட்ட சகோதரியே "எழுதுங்க, இருபதாயிரம்" என்றார். தீர்மானப் புத்தகத்தில் 'மகளின் மருத்துவச் செலவு' என்று மட்டும் எழுதினோம். தவணையை ஆறு மாசம் தள்ளி வைத்தோம். அந்தக் கடன் வட்டியோடு முழுசாக அடைந்துவிட்டது என்பதையும் இந்த மேடையில் பதிவு செய்கிறேன், ஏன்னா அந்தக் கேள்வி இங்கே இன்னும் சில பேர் மனசில் இருக்கும்.

பொருத்தம் பார்க்கும் இடத்தில்தான் பெரிய சிக்கல் வந்தது. கூடப் பிறந்த ஒருத்தருக்குப் பொருந்த நாலில் ஒரு பங்கு வாய்ப்புதான். நம்ம பொண்ணுக்கு ஒரு அக்கா, ஒரு தம்பி. தம்பிக்குப் பொருந்தவில்லை. கல்யாணமாகி ஊரூர் குப்பத்துப் பக்கம் இருக்கிற அக்காவுக்கு முழுசாகப் பொருந்தியது. அவள் மாமியார் வீட்டில் முடியாது என்றார்கள். "நாலு வயசுப் பிள்ளை இருக்கு, இன்னும் ஒண்ணு பெத்துக்கணும். தண்டுவடத்துல ஊசி போட்டா நாளைக்கு எழுந்து நடப்பாளா?" என்று மாமியார் கேட்டாங்க.

அவங்க மேல் எனக்குக் கோபம் வந்தது உண்மை. ஆனால் அவங்க கேட்டது தெரியாமல் கேட்டது. நாங்கள் மூணு பேர் ஒரு ஞாயிற்றுக்கிழமை அங்கே போனோம். எலும்பு மஜ்ஜை வேறு, முதுகுத் தண்டுவடம் வேறு. மஜ்ஜையை எடுப்பது பின்பக்க இடுப்பெலும்பிலிருந்து, மயக்க மருந்து கொடுத்து. கொஞ்ச நாள் இடுப்பு வலிக்கும், சோர்வாக இருக்கும். எடுத்தது சில வாரத்தில் தானே ஊறிவிடும், கிணற்றில் இறைத்த தண்ணீர் மாதிரி. கர்ப்பப்பைக்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை, அவளுக்குக் கீமோவும் இல்லை. இதையெல்லாம் ஒரு மணி நேரம் சொன்னோம். மாமியார் ஒண்ணும் பதில் சொல்லலை, டீ மட்டும் போட்டுக் கொடுத்தாங்க. மாப்பிள்ளைதான் கடைசியில் "டாக்டரை நான் ஒரு தடவை பார்க்கணும்" என்றார். பார்த்தார், சம்மதித்தார். அதற்குள் ரெண்டு மாசம் போய்விட்டது. ஒரு தம்பிக்காக இந்த ஊசி என்றால் இவ்வளவு நாள் ஆகியிருக்குமா என்று நான் இன்னும் சில நேரம் நினைக்கிறேன்.

அந்த ரெண்டு மாசம் அவளை உயிரோடு வைத்திருந்தது முகம் தெரியாதவர்களின் ரத்தம். தட்டணுவை எடுத்து ஐந்து நாளுக்கு மேல் வைத்திருக்க முடியாது. அதனால் திரும்பத் திரும்ப ஆள் தேவை. தாய்மாமனும் தம்பியும் ஓடி வந்தாங்க. ரத்த வங்கியில் வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். மனசு உடைந்து போனாங்க. காரணம் இருக்கிறது: மஜ்ஜை மாற்று நடக்கப் போகிறவருக்குச் சொந்தக்காரங்க ரத்தத்தை முன்கூட்டியே ஏற்றினால், பிறகு வருகிற மஜ்ஜையை உடம்பு ஏற்காமல் தள்ளிவிடக் கூடும். வெளியாட்கள்தான் கொடுக்கணும். நம்ம பகுதிக் குழுக்களில் கேட்டோம். முப்பத்திரண்டு பேர் வந்தீங்க. அதில் பதினெட்டுப் பேரை ஹீமோகுளோபின் 12.5 இல்லை என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள்! கொடுக்க வந்தவங்களுக்கே ரத்தம் இல்லை. முதல் தலைப்பான முருங்கைக்கீரை அங்கே வந்து நின்றது. உங்க வீட்டு ஆம்பளைங்களைக் கூட்டிட்டு வந்து சமாளிச்சீங்க.

இன்னும் ரெண்டு விஷயம், பெண்களுக்கு முக்கியம் என்பதால் நிறுத்திச் சொல்கிறேன். தட்டணு பத்தாயிரத்துக்குக் கீழே இருக்கும்போது மாதவிடாயே உயிருக்கு ஆபத்து. அதை நிறுத்தி வைக்க மாத்திரை இருக்கிறது, டாக்டர் கொடுப்பார். 'மாசம் ஆகறதைத் தடுக்கிறதா, பாவம்' என்று நிறுத்திவிடாதீர்கள். வலிக்கு ஆஸ்பிரின், புரூஃபென் வகை மாத்திரையும் கூடாது, இடுப்பில் ஊசியும் கூடாது, ரத்தம் கசியும். பப்பாளி இலைச் சாறு கொடுக்கச் சொல்லி எத்தனையோ பேர் வந்தாங்க. அடுப்படியில் ஆள் இல்லாதபோது எந்தச் சாறு போய் என்ன செய்யும்? பச்சையாக அரைத்த சாற்றில் கிருமி இருந்தால் அதுவே எமன்.

இன்னொன்று, சொந்தத்தில் கல்யாணம். இந்தப் பொண்ணோட அப்பாவும் அம்மாவும் அத்தை மகன், மாமன் மகள். பிறவியிலேயே மஜ்ஜையைப் பாதிக்கிற ஃபேன்கோனி அனீமியா என்று ஒன்று உண்டு, நெருங்கிய சொந்தத்தில் கட்டினவங்க பிள்ளைகளுக்கு வர வாய்ப்பு அதிகம். அந்த நோயில் காவல்காரன் குற்றவாளி இல்லை, அதனால் ஏ.டி.ஜி. பலிக்காது. கீமோவையும் வழக்கமான அளவில் அந்த உடம்பு தாங்காது, ரொம்பக் குறைத்துத்தான் கொடுக்கணும். அதனால் சொந்தத்தில் கட்டியதை டாக்டரிடம் மறைக்காதீர்கள். அதற்குத் தனிப் பரிசோதனை இருக்கிறது. மஜ்ஜை கொடுக்கிற சகோதரிக்கும் அது இல்லை என்று பார்த்துக்கொள்வார்கள். நம்ம பொண்ணுக்கு இல்லை என்று வந்தது.

மாசி மாசம் மாற்று நடந்தது. நாலு நாள் கீமோ. பிறகு அக்காவின் மஜ்ஜை, ரத்தம் ஏற்றுகிற மாதிரியே ஒரு பையில் தொங்கி இறங்கியது. இதற்கா இவ்வளவு என்று தம்பி கேட்டான். பெரிய ஆபரேஷன் மாதிரி எதிர்பார்த்திருக்கிறான். அப்புறம் மூணு வாரத்துக்கு மேல் தனி அறை. அம்மாவை உள்ளே விடும்போது, கையில் பூ வாடை இருக்கிறது என்று நர்ஸ் திரும்பக் கழுவச் சொன்னாங்க. பூவிலும் மண்ணிலும் பூஞ்சை இருக்கும், அந்த வார்டுக்குள் பூவே போகக்கூடாது. பொண்ணு வீட்டுக்கு வந்த பிறகும், அவள் நல்லபடியாகத் தேறுகிற வரைக்கும், அக்கா பூ கட்டுவதை வீட்டில் வைத்துக்கொள்ளவில்லை. மந்தைவெளியில் ஒரு குழுச் சகோதரி வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து கட்டினாங்க.

எல்லாம் சுமுகமாகப் போனது என்று சொன்னால் பொய். வந்த மஜ்ஜை உடம்பையே எதிரியாக நினைத்துத் தாக்குவது ஒன்று உண்டு. அவளுக்குத் தோலில் வந்தது. மறுபடி ஆஸ்பத்திரி, மறுபடி மாத்திரை. சைக்ளோஸ்போரின் போட்டதில் ஈறு வீங்கியது, முகத்தில் முடி வளர்ந்தது. கண்ணாடி பார்க்கவே மாட்டாள். மாத்திரையைக் குறைத்ததும் அது போய்விட்டது. பயந்து தானாக நிறுத்தியிருந்தால் எல்லாமே போயிருக்கும். பிள்ளைப் பேறு பற்றி அம்மா கேட்டதற்கு டாக்டர், இந்த நோய்க்குக் கொடுக்கிற கீமோவுக்குப் பிறகு குழந்தை பெற்றவர்கள் பலர் உண்டு, ஆனாலும் இவளுக்கு எப்படி என்பதைப் போகப் போகத்தான் பார்க்கணும் என்றார். நானும் அதற்கு மேல் சொல்லமாட்டேன்.

ரெண்டாவது குடும்பம், இந்திரா நகர்ப் பக்கம் வீட்டு வேலை செய்கிற 52 வயசுச் சகோதரி. கூடப் பிறந்தவர் யாரும் உயிரோடு இல்லை. வயசும் இருக்கிறது. அவங்களுக்கு ஏ.டி.ஜி.யும் மாத்திரையும்தான். ஐந்தாவது மாசம் வரை ரத்தம் ஏறவே இல்லை. ஆறாவது மாசம் ஏற ஆரம்பித்தது. இன்று ரெண்டு வீட்டு வேலை செய்கிறாங்க, இங்கே மூணாவது வரிசையில்தான் உட்கார்ந்திருக்காங்க. அவங்களே கையைத் தூக்குறாங்க பாருங்க! அவங்களுக்குக் கீமோ ஒரு துளி கூடக் கொடுக்கவில்லை. ஒரே நோய், ரெண்டு வழி.

பணம். முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் ஒரு குடும்பத்துக்கு வருஷத்துக்கு 5 லட்சம் வரை உண்டு. மஜ்ஜை மாற்று மாதிரி பெரிய சிகிச்சைக்குத் தனி நிதியும் இருக்கிறது. ஆனால் அட்டை கையில் இருக்கணும். பொண்ணை ஸ்ட்ரெச்சரில் வைத்துக்கொண்டு வருமானச் சான்றிதழுக்கு அலைய முடியாது. இந்த அக்கா வீட்டில் அட்டை இல்லை. பதினோரு நாள் அலைந்தோம். இங்கே அட்டை எடுக்காதவங்க எத்தனை பேர்? கை தூக்குங்க. பார்த்தீங்களா. சாப்பாட்டுக்குப் பிறகு நம்ம சமுதாய அமைப்பாளர் அந்த மேஜையில் உட்கார்ந்திருப்பாங்க, ரேஷன் கார்டு, ஆதார் நகலோடு போய்ப் பாருங்க.

கூடப் பிறந்தவங்க பொருந்தாதவங்களுக்கு முன்பின் தெரியாதவர் கொடுக்கலாம். அதற்குப் பெயர் பதிந்து வைக்கிற தாத்ரி என்ற அமைப்பு 2009இல் நம்ம சென்னையில்தான் தொடங்கியது. கன்னத்து உள்பக்கம் பஞ்சுக் குச்சியால் தடவி எடுப்பார்கள், ஊசி கூட இல்லை. 18 வயசு ஆன பிள்ளைகள் உங்க வீட்டில் இருந்தால் பேசிப் பாருங்கள். பெயர் கொடுத்துவிட்டுக் கூப்பிடும்போது மாட்டேன் என்பதுதான் மோசம், அங்கே ஒருவர் அதற்குள் கீமோ போட்டுக்கொண்டு காத்திருப்பார். அதனால் வீட்டில் கேட்டுவிட்டே பதியுங்கள்.

நம்ம பொண்ணு இப்போது எப்படி இருக்கிறாள் என்றுதானே கேட்கப் போறீங்க. ஜவுளிக்கடைக்குத் திரும்பப் போகவில்லை. தையல் பழகி, லஸ்ஸில் ஒரு கடைக்கு பிளவுஸ் தைத்துக் கொடுக்கிறாள். பிறந்ததிலிருந்து ஓ பாசிட்டிவ், இப்போது அக்காவைப் போல பி பாசிட்டிவ். மஜ்ஜை மாறினால் ரத்த வகையும் மாறும். மாமியார் இதைக் கேட்டுவிட்டு, "அப்போ எங்க மருமக ரத்தம்தானே அவ உடம்புல ஓடுது, எங்க வீட்டுப் பொண்ணு மாதிரிதான்" என்று சொல்லிப் போன பொங்கலுக்குப் புடவை எடுத்துக் கொடுத்தாங்களாம். ரெண்டு மாசம் நம்மளை அலைய விட்டவங்க!

மாதக் கூட்டத்தில் யாராவது ரத்தப் பரிசோதனை ரிப்போர்ட் கொண்டுவந்தால், இனிமேல் ஹீமோகுளோபின் வரியை மட்டும் பார்க்காமல் அதற்குக் கீழே வெள்ளையணு, தட்டணு ரெண்டையும் பாருங்கள். மூணும் சேர்ந்து குறைந்திருந்தால் என்னிடம் வரவேண்டாம், நேராகப் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

மணி ஒண்ணாகப் போகுது, தலைவி கடிகாரத்தைக் காட்டுறாங்க. கேள்வி இருக்கிறவங்க சாப்பிட்ட பிறகு வாங்க, நான் சாயங்காலம் வரைக்கும் இங்கேதான் இருப்பேன்.